லேப்டாப்பில் சிவப்புப் புள்ளி, சிசிடிவி மானிட்டரில் கட்டங்களின் நிழல்: எது போகும், எது போகாது?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாங்கி இரண்டு மாதமே ஆன 15.6 அங்குல லேப்டாப்பில், இருட்டான காட்சி வரும்போதெல்லாம் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. நீங்கள் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில், சிசிடிவி மானிட்டரில் கேமராக் கட்டங்களின் கோடுகள் நிழலாகப் படிந்துவிட்டன, வேறு எதைத் திறந்தாலும் அடியில் அந்தக் கோடுகள் தெரிகின்றன. யூடியூபில் ஒருவர் பென்சில் ரப்பரால் அழுத்தச் சொல்கிறார், இன்னொருவர் நிறங்கள் மாறி மாறி மின்னும் வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்கிறார். இதெல்லாம் பலிக்குமா, இல்லை நம் ஊர்க் குளிரால் வந்த கோளாறா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றுகிறது: இதில் நானே கை வைக்கலாமா, கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா, சும்மா விட்டுவிடலாமா என்பதுதான் அது. அதற்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. புள்ளி போகலாம், போகாமலும் இருக்கலாம். எல்சிடி திரை என்றால் மின்னவிட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை, ஆனால் அழுத்தாதீர்கள். மானிட்டரில் உள்ள நிழல் பெரும்பாலும் குறையும், ஆனால் அதற்குப் பத்து நிமிடம் போதாது, நாள் கணக்கில் ஆகும். குளிர் இரண்டுக்குமே காரணம் இல்லை. ஈரப்பதம் வேறு சில கோளாறுகளுக்குக் காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் குன்னூரில் பத்தொன்பது வருடமாக மானிட்டர், லேப்டாப் பழுது பார்க்கிறேன். அதற்கு முன் கோவையில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் மூன்று வருடம் வேலை கற்றுக்கொண்டேன், அது பிக்சர் டியூப் காலம். இங்கே சொல்வதில் பாதி அந்த அனுபவம், மீதி இந்தப் பேனல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று படித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் திரையை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் லேப்டாப் 1920-க்கு 1080 என்ற அளவுத் திரை என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 20,73,600 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டுகள், ஆக மொத்தம் 62,20,800. இந்த ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணாடியின் மேல் தனியாக ஒரு டிரான்சிஸ்டர், அதாவது மிகச் சிறிய மின் சுவிட்ச், இருக்கிறது. 15.6 அங்குலத் திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர். எல்சிடி திரையில் இந்தத் துண்டுகள் தாமாக ஒளி விடுவதில்லை. பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம், அதாவது லிக்விட் கிரிஸ்டல், ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடி ஒளியை விடுகிறது அல்லது தடுக்கிறது. அறுபது லட்சத்துச் சொச்சம் ஜன்னல்களில் ஒன்று திறந்தபடியே நின்றுவிட்டால் அது ஸ்டக் பிக்சல். மூடியபடியே நின்றுவிட்டால் டெட் பிக்சல். பேச்சில் இரண்டையும் 'டெட் பிக்சல்' என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் பிழைக்கும் வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றல்ல.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்சாரமே போகாத ஜன்னல் எந்த நிலையில் நிற்கும் என்பது பேனலின் வகையைப் பொறுத்தது. பழைய, விலை குறைந்த டிஎன் பேனலில் மின்னழுத்தம் இல்லையென்றால் ஒளி தாராளமாக வெளியே வரும். ஐபிஎஸ் பேனலில் மின்னழுத்தம் இல்லையென்றால் ஒளி அடைபடும். அதனால் ஒரே மாதிரி டிரான்சிஸ்டர் செத்தாலும் டிஎன் திரையில் அது பளிச்சென்று எரியும், ஐபிஎஸ் திரையில் கறுப்பாக நிற்கும். எரிகிற புள்ளி என்றால் பிழைக்கும், கறுப்பு என்றால் பிழைக்காது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, உங்கள் புள்ளி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அந்தப் புள்ளி தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் கோளாறு திரையில் இல்லை, மென்பொருளில். அப்படி இல்லையென்றால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்களை ஒவ்வொன்றாகத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். பெயின்டில் ஐந்து படம் செய்து வைத்துக்கொண்டாலே போதும். சிவப்புத் துண்டு திறந்து நின்றுவிட்டது என்றால் கறுப்பில் சிவப்பாகத் தெரியும், பச்சையில் மஞ்சளாகத் தெரியும், நீலத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரியும், சிவப்பிலும் வெள்ளையிலும் காணாமல் போய்விடும். இருட்டுக் காட்சியில் மட்டும் கண்ணில் படுகிறது என்று நீங்கள் சொல்வது இதோடு பொருந்துகிறது. அதனால் உங்களுடையது ஸ்டக் பிக்சல் என்றே நினைக்கிறேன். மாறாக, எந்த நிறத்திலும் கறுப்பாகவே தெரிந்தால் அது வேறு கதை. அது பிக்சலாகவே இல்லாமலும் இருக்கலாம்.

அதற்கு ஒரு சம்பவம். போன வருடம் கேத்தி பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்போடு வந்தார். "அண்ணா, டெட் பிக்சல் வந்துடுச்சு, நேத்து ஒண்ணு இருந்துச்சு, இன்னைக்கு அது இடம் மாறின மாதிரி இருக்கு" என்றார். டெட் பிக்சல் இடம் மாறாது. வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் செருகும் லென்ஸ் என்னிடம் ஒன்று உண்டு. அதை வைத்து வெள்ளைத் திரையில் பார்த்தேன். நீளமாக, ஓரம் மங்கலாக ஒரு கரும்புள்ளி. பிக்சல் என்றால் விளிம்பு கத்தியால் வெட்டியது போலச் சதுரமாக இருக்கும், இது அப்படி இல்லை. தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது பிக்சல் கட்டங்களைவிட்டு விலகித் தெரிந்தது. அதாவது பேனலுக்குப் பின்னால், ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் ஏதோ இருக்கிறது. அரை நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தபோது கால்கள் அசைந்தன.

நம் தேயிலைக் கொழுந்தை உறிஞ்சும் இலைப்பேன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் உங்கள் திரைக் கணக்கில் அது ஐந்து பிக்சல் நீளம். அது போன்ற சிறு பூச்சிகள் மாலையில் ஜன்னல் திறந்திருக்கும்போது வெளிச்சத்தைத் தேடி வந்து, திரை ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். தோட்டத்தை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் மானிட்டர்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "அழுத்திப் பாக்கவா அண்ணா?" என்று அந்தப் பெண் விரலைக் கொண்டுபோனார். "தொடாதேம்மா" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். அழுத்தினால் பூச்சி அங்கேயே நசுங்கி, பேனலைப் பிரித்தால் ஒழியப் போகாத கறையாகிவிடும். லேப்டாப்பை அணைத்து, அறையை இருட்டாக்கி, திரையின் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு விளக்கை எரியவிட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் புள்ளி இல்லை. எல்லாப் பூச்சியும் இப்படி வெளியே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று உள்ளேயே செத்துக் கிடந்து, பேனலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் உயிரோடு இருக்கும்வரை வாய்ப்பு உண்டு.

இனி உங்கள் சிவப்புப் புள்ளிக்கு வருவோம். மின்னவிடும் வழி ஏன் சில சமயம் பலிக்கிறது? ஒரு துண்டில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிப் பழுதாகியிருந்தால், அதற்கு எத்தனை நிறம் காட்டினாலும் அசையாது. அது உறுதி. டிரான்சிஸ்டர் நன்றாக இருந்து, மின்னூட்டம் தேங்கியோ படிகம் சரியாகத் திரும்பாமலோ நிற்கிறது என்றால், வேகமாக மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருப்பது அதை உசுப்பிவிடலாம் என்பதுதான் கருத்து. ஜேஸ்கிரீன்பிக்ஸ், யுடிபிக்சல் போன்ற மின்னவிடும் மென்பொருள்கள் செய்வது இதைத்தான். இது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பத்தில் இத்தனை புள்ளி போகும் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் நம்பாதீர்கள். தானாகவே சில நாட்களில் போய்விடும் புள்ளிகளும் உண்டு, மின்னவிட்டதால் போனதா, போகிற நேரத்தில் நாம் மின்னவிட்டோமா என்று பிரிப்பது கஷ்டம். என் அனுபவத்தில், புதிதாக வந்த புள்ளிகளில் சில போயிருக்கின்றன. மாதக் கணக்கில் நின்றவை போனதைப் பார்த்தது மிகக் குறைவு.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். திரை முழுக்க மின்னவிட வேண்டாம். மின்னும் சிறு சதுரத்தைப் புள்ளியின் மேல் நகர்த்தி வைத்துவிட்டு, அரை மணி நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். போகவில்லையென்றால் ஓர் இரவு முழுக்க விடுங்கள். இரண்டு மூன்று இரவில் அசையவில்லை என்றால் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் விடுவதில் பலன் கண்டதில்லை. அந்த மின்னலை நீங்கள் உட்கார்ந்து பார்க்காதீர்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால், குழந்தைகள் இருந்தால், வேறு அறையில் கதவைச் சாத்தி வையுங்கள். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். இதை எந்த வீடியோவிலும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அழுத்தும் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், காரணம் இருக்கிறது. எல்சிடி பேனல் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடிகள். நடுவில் திரவப் படிகம் இருக்கும் இடைவெளி மூன்று நான்கு மைக்ரோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. அந்த இடைவெளி குறையாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத சிறு தூண்களைத் தாங்கலாக நிறுத்தியிருப்பார்கள். வெளியிலிருந்து ஒரு புள்ளியில் அழுத்தும்போது படிகம் நகர்ந்து, சிக்கியிருந்தது விடுபடுவது நடக்கக்கூடியதுதான், முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு அழுத்தினால் படிகம் நகரும், எவ்வளவு அழுத்தினால் தூண் நசுங்கும் என்று நம் விரலுக்குத் தெரியாது. தொழில் ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு பள்ளி ஆபீசிலிருந்து வந்த 17 அங்குலச் சதுர மானிட்டரில் ஒரு நீலப் புள்ளி இருந்தது. துணி சுற்றிய பேனாவின் பின்பக்கத்தால், மிக மெதுவாகத்தான் என்று நினைத்துக்கொண்டு, அழுத்தினேன். நீலப் புள்ளி போனது. அதைச் சுற்றிப் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு வந்தது, அது கடைசிவரை போகவில்லை. பேனலை என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அந்த ஒரு புள்ளியோடு அந்த ஆபீசில் எல்லோரும் ஐந்து வருடம் நிம்மதியாக வேலை பார்த்திருப்பார்கள். இன்றைய லேப்டாப் பேனல்கள் அதைவிட மெல்லியவை. ஆகவே பென்சில் ரப்பர் வேண்டாம்.

அழுத்த வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், உங்கள் லேப்டாப் இரண்டு மாதம்தான் ஆகிறது, வாரன்டி இருக்கிறது. அழுத்தியதால் வந்த திட்டை எந்த சர்வீஸ் சென்டரிலும் வாரன்டியில் எடுக்க மாட்டார்கள். புள்ளியை எடுப்பார்களா என்பது எழுதிவைத்த கொள்கையைப் பொறுத்தது. இதற்குப் பன்னாட்டுத் தர விதி ஒன்று இருக்கிறது. முன்பு ஐஎஸ்ஓ 13406-2, 2008-க்குப் பிறகு ஐஎஸ்ஓ 9241-307. பழைய விதியில் இரண்டாம் வகுப்புத் திரை என்றால், பத்து லட்சம் பிக்சலுக்கு முழுதாக எரிவது இரண்டு, முழுதாகச் செத்தது இரண்டு, துண்டு அளவில் பழுதானது ஐந்துவரை இருக்கலாம் என்று அனுமதி. உங்கள் திரையில் இருபது லட்சம் பிக்சல் என்பதால், அந்தக் கணக்கில் சுமார் பத்துத் துண்டுகள் பழுதாக இருந்தாலும் அது 'நல்ல' திரைதான். பல நிறுவனங்கள் இந்த விதியை ஒட்டியே தங்கள் எண்ணிக்கையை வைத்திருக்கின்றன. ஒரு புள்ளிக்கு மாற்றித் தரமாட்டோம் என்று சொன்னால் அவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று ஆகாது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. டெல் நிறுவனம் தன் அல்ட்ராஷார்ப் மானிட்டர்களுக்கு, எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாகச் சொல்கிறது. அதனால் உங்கள் மாடலின் பெயரோடு 'பிக்சல் பாலிசி' என்று தேடி, எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுப் பேசுங்கள். போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் கிடைக்கும். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டி என்றால் உங்கள் பின்கோடு அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் இருப்பவர்களைக் கோவைக்கு வரச் சொல்வது வழக்கமாக நடக்கிறது.

அப்புறம் குளிர். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் திரையைப் போட்டால், அசையும் படத்துக்குப் பின்னால் வால் போல நிழல் இழுக்கும். குளிரில் திரவப் படிகம் கெட்டியாகி மெதுவாகத் திரும்புவதால் வருவது அது. கால் மணி நேரம் ஓடிச் சூடானால் சரியாகிவிடும். சூடாக்குகிறேன் என்று ஹேர் டிரையரைக் காட்ட வேண்டாம், ஒரே இடத்தில் சூடு ஏறினால் படலங்கள் நெளிந்துவிடும். சிவப்புப் புள்ளி குளிரால் வருவதில்லை. ஈரம்தான் நம் ஊரில் உண்மையான எதிரி. ஒருமுறை யோசித்துப் பாருங்கள்: அதிகாலையில் குளிர்ந்துபோன லேப்டாப்பைப் பையில் போட்டு மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்கள், கீழே வெக்கையில் பையைத் திறந்த உடனே குளிர்ந்த கண்ணாடி மேலும் உள்ளேயும் நீர் பூக்கும். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீழே இறங்கினால் ஒரு மணி நேரம் பையைத் திறக்காமல் வைத்திருந்து, பிறகு போடுங்கள். வருடக் கணக்கில் ஈரமான அறையில் கிடந்த பழைய திரைகளில் இன்னொன்று நடக்கும். கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் படலம் சிதைந்து, குமிழ் குமிழாகக் கறை வரும், பிரித்தால் வினிகர் வாடை அடிக்கும். பழைய சினிமா பிலிம் சுருள்கள் கெட்டுப்போவதும் இதே விதத்தில்தான். அது பிக்சல் கோளாறே இல்லை, மின்னவிட்டு ஒன்றும் ஆகாது.

இப்போது தொழிற்சாலை மானிட்டர். இதை எல்லோரும் பர்ன்-இன் என்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் பிக்சர் டியூப் காலத்தது. அப்போது கண்ணாடியின் உட்புறம் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியைப் பூசியிருப்பார்கள். ஒரே எழுத்து நாள் முழுக்க ஒரே இடத்தில் எரிந்தால் அங்கே பாஸ்பர் தேய்ந்துவிடும். நான் வேலை கற்றுக்கொண்ட கடைக்கு வந்த பழைய மானிட்டர்களில், கரண்டே இல்லாதபோதும் மெனு எழுத்துகள் மங்கலாகப் படிக்கக் கிடைக்கும். ஸ்கிரீன்சேவர் பரவியது அதைத் தடுக்கத்தான். ஓஎல்இடி திரையிலும் அதே போலத் தேய்மானம்தான். அதில் ஒவ்வொரு துண்டும் தானே ஒளி விடுகிறது, அதிகம் எரிந்தது சீக்கிரம் மங்குகிறது, நீலம் மற்ற இரண்டையும்விட வேகமாக மங்குகிறது. தேய்ந்தது திரும்பி வராது. ஆனால் எல்சிடியில் நடப்பது தேய்மானம் அல்ல. திரவப் படிகத்துக்கு மின்னழுத்தத்தைத் திசை மாற்றி மாற்றித்தான் கொடுப்பார்கள். ஒரே படம் மாதக் கணக்கில் நின்றால் ஒரு திசையில் சிறிது மிச்சம் தங்கி, படிகத்தில் கலந்திருக்கும் மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓர் ஓரமாகப் போய்ப் படிந்துவிடும். அந்தப் படிவுதான் நீங்கள் பார்க்கும் கோடுகள். படிந்தது கலைய வாய்ப்பு உண்டு, அதனால்தான் குறையும் என்று சொன்னேன்.

உங்கள் மானிட்டர் ஓஎல்இடி இல்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம், ஆபீஸ் சிசிடிவிக்கு யாரும் அதை வாங்குவதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பிளக்கையே பிடுங்கிவிட்டு, திங்கள் காலைவரை விடுங்கள். பிறகு திரை முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறத்தை வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இந்த நிழல் வெள்ளையிலும் கறுப்பிலும் அவ்வளவாகத் தெரியாது, சாம்பலில்தான் காட்டிக்கொடுக்கும். அதன்பின் சில மணி நேரம் முழு வெள்ளையோ, ஓயாமல் அசையும் ஏதாவது வீடியோவோ ஓடட்டும். இப்படி ஒரு வாரம், இரவில் அணைப்பதும் பகலில் அசையவிடுவதுமாகச் செய்து, மறுபடி சாம்பலில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணை நம்பாதீர்கள், போட்டோவை நம்புங்கள். வாரக் கணக்கில் படிந்தது என்றால் நன்றாகவே குறையும். நான்கைந்து வருடம் இரவும் பகலும் அதே கட்டங்கள் நின்றிருந்தால் முழுக்கப் போகும் என்று நான் வாக்குத் தர முடியாது, லேசான தடம் மிஞ்சலாம். திரையின் ஓரங்களில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது வேறு, பின்விளக்கின் சூட்டில் உள்ளே இருக்கும் தாள்கள் நிறம் மாறியது, அது இந்த வழியில் போகாது.

மறுபடி வராமல் இருக்கச் செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரியிடம், யாரும் பார்க்காத நேரத்தில் மானிட்டரை அணைத்துவிடச் சொன்னேன். "ஐயோ, அணைச்சா ரெக்கார்டிங் நின்னுடும், முதலாளி திட்டுவாரு தம்பி" என்றார். இந்தப் பயம் பல இடங்களில் இருக்கிறது. பதிவு நடப்பது டிவிஆர் பெட்டியில், மானிட்டர் வெறும் கண்ணாடி. மானிட்டரின் பட்டனை அணைத்தால் பதிவில் ஒரு நொடிகூடக் குறையாது. அவர் கண் முன்னாலேயே பத்து நிமிடம் அணைத்து வைத்து, பிறகு போட்டு, அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டிக் காட்டினேன். இலை நிறுவை மேடையில் அவரே நடந்து போவது அதில் தெரிந்தது. அன்றிலிருந்து இரவில் அணைக்கிறார். அணைக்கவே முடியாது என்றால், டிவிஆர் மெனுவில் கேமராக்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டும் வசதி இருக்கும், சீக்வென்ஸ் அல்லது டூர் என்று போட்டிருக்கும். அதை இயக்கிவிட்டால் கட்டங்கள் நிரந்தரமாக நிற்காது. மானிட்டரின் வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள், சூடு குறையும்.

உங்கள் லேப்டாப் ஓஎல்இடியா எல்சிடியா என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டியின் மேலோ பில்லிலோ இருக்கும். ஓஎல்இடி என்றால் மேலே சொன்ன இரவு முழுக்க மின்னவிடும் வேலையைச் செய்யாதீர்கள், அந்த இடம் மட்டும் தேய்ந்து புதிதாக ஒரு தடம் விழும். அதில் நேராக வாரன்டிக்குப் போவதுதான் வழி. டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைப்பது, கறுப்புப் பின்னணி வைப்பது, வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பது, இவை மூன்றும் முதல் நாளிலிருந்தே பழக்கமாகட்டும்.

ஐந்து நிறங்களிலும் என்ன தெரிந்தது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். போட்டோ எடுப்பதானால் விளக்கை அணைத்து, கறுப்புத் திரை வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். போனைக் கொஞ்சம் இடம் மாற்றி இரண்டாவது ஒன்றும் எடுங்கள். போன் கேமராவிலேயே சில புள்ளிகள் இருக்கும், இரண்டு படத்தையும் ஒப்பிட்டால்தான் எது லேப்டாப்பினுடையது என்று எனக்குத் தெரியும்.